பெயர் தெரியாத பத்திகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன வார்ப்படக் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் துறையூர். விலை கொடுத்து மென்பொருள் வாங்க முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் நெட்ஜென் என்ற இலவச மென்பொருளில் மெஷ் போட்டு (வடிவத்தைக் கணக்குப் போட வசதியாகச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து), அது எழுதித் தரும் வோல் கோப்பைப் பைத்தானில் படித்து, எங்களிடம் இருக்கும் பழைய கணக்கு நிரலுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். புள்ளிகள் பகுதி புரிந்துவிட்டது. மேற்பரப்பு முக்கோணங்கள் பகுதியில் வரிக்கு எட்டு எண்கள். கடைசி மூன்றும் புள்ளி எண்கள், சரி. முன்னால் இருக்கும் ஐந்தும் என்ன? விளிம்புத் துண்டுகள் பகுதியில் வரிக்குப் பன்னிரண்டு. அதில் மூன்றாவதும் நான்காவதும்தான் புரிகிறது. கையேட்டில் தேடியும் கிடைக்கவில்லை. தலைப்புகளில் 'என்ஆர்' என்று முடிகிறதே, அது 'நியர்' என்பதன் சுருக்கமா, ஏதாவது தூரமா? புரியாததையெல்லாம் விட்டுவிட்டால் பரவாயில்லையா?

*(வாசகர், பீன்யா)*

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடக்கூடாது. விட்டுப் பார்த்து அனுபவப்பட்டவள் சொல்கிறேன்.

'என்ஆர்' என்பது 'நியர்' இல்லை. ஜெர்மன்காரர்கள் 'நும்மர்' என்பதை அப்படிச் சுருக்கி எழுதுவார்கள். நம் ஊரில் 'எண்' போடுகிற இடம் அது. நெட்ஜென்னை எழுதிய யோவாகிம் ஷோபர்ல் ஆஸ்திரியாக்காரர். அந்த நிரலைப் பற்றிய அவருடைய கட்டுரை 1997-இல் வந்தது. கோப்பிலும் மூல நிரலிலும் ஜெர்மன் வாடை அடிப்பதற்கு அதுதான் காரணம். இது தெரிந்தாலே பாதித் தலைப்புகள் பிடிபட்டுவிடும். சர்ஃப்என்ஆர் என்றால் மேற்பரப்பு எண், பிசிஎன்ஆர் என்றால் எல்லை நிபந்தனை எண், மேட்என்ஆர் என்றால் பொருள் எண்.

இப்போது உங்கள் எட்டு பத்திகள். முதலாவது, அந்த முக்கோணம் எந்த மேற்பரப்பில் கிடக்கிறது என்பது. இரண்டாவது, அதற்கு எந்த எல்லை நிபந்தனை என்பது, அதாவது அந்தச் சுவரில் வெப்பமோ தண்ணீரோ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதி. மூன்றாவதும் நான்காவதும் டொம்இன், டொம்அவுட். இவைதான் பலரையும் குழப்புபவை. சொத்துப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவார்கள் இல்லையா, இன்னாருடைய வீட்டுக்கு மேற்கே, பஞ்சாயத்துப் பாதைக்குக் கிழக்கே என்று? அதே கதைதான். இந்தச் சுவருக்கு உள்பக்கம் யார், வெளிப்பக்கம் யார் என்று எழுதியிருக்கிறது. வெளிப்பக்கம் 0 என்றால் அந்தப் பக்கம் யாரும் இல்லை, தெருதான். உள்ளே 1, வெளியே 2 என்று இருந்தால் அது இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். உங்கள் வார்ப்படத்தில் மணல் அச்சும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடமெல்லாம் இப்படித்தான் வரும். வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போட இந்த இரண்டு எண்களும் வேண்டும். ஐந்தாவது, இந்த முக்கோணத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது. இப்போது உங்களுக்கு 3 வருகிறது. இரண்டாம் படி மெஷ் (பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொரு புள்ளி) போட்டால் 6 ஆகிவிடும். அன்றைக்கு 'கடைசி மூன்று எண்கள்' என்று எழுதி வைத்த உங்கள் பைத்தான் நிரல் சத்தமே போடாமல் தப்பான புள்ளிகளை எடுக்கும். அதனால் கடைசியிலிருந்து எண்ணாதீர்கள். ஐந்தாவது எண்ணைப் படித்து, அது எத்தனை சொல்கிறதோ அத்தனை எடுங்கள். இன்னொன்று, இந்தக் கோப்பில் புள்ளிகள் 1-இலிருந்து எண்ணப்படுகின்றன. பைத்தான் 0-இலிருந்து எண்ணும். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள்.

விளிம்புப் பகுதிக்கு வருகிறேன். அங்கேதான் எனக்கும் அடி விழுந்தது.

2008 வாக்கில் ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அல்சூரிலிருந்து 335இ பஸ்ஸில் மாரத்தஹள்ளி தாண்டிப் போவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். வேலை என்னவென்றால், ஒரு தண்ணீர்க் குழாய் மாதிரியின் மெஷ்ஷில் எல்லை எண்களை மட்டும் மாற்றித் தர வேண்டும். கோப்பைப் படித்து, எண்ணை மாற்றி, திரும்ப எழுதும் நிரல் ஒன்றைப் போட்டேன். விளிம்புப் பகுதியில் எனக்குப் புரியாத பத்திகளுக்கெல்லாம் 0 வைத்துவிட்டேன். நெட்ஜென்னில் திறந்தால் அழகாகத் திறந்தது. படமும் சரியாகத் தெரிந்தது. வேறென்ன வேண்டும்?

அடுத்த வாரம் அந்த மெஷ்ஷை இரண்டு தடவை நுணுக்கினார்கள், அதாவது துண்டுகளை இன்னும் சிறிதாக வெட்டினார்கள். குழாயின் உட்சுவர் நன்றாக வளைந்து வந்தது. ஆனால் தண்ணீர் நுழையும் வாய் மட்டும் வளையவே இல்லை. முதலில் 12 துண்டாக இருந்த வட்டம் 24 ஆகி, 48 ஆகியும், உருவத்தில் 12 பக்கப் பல்கோணமாகவே நின்றது. ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோட்டிலேயே பாதி பாதியாக வெட்டியிருந்தது. ஆரம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் பரப்பு 3.1416, உள்ளே அடங்கும் 12 பக்கப் பல்கோணத்தின் பரப்பு சரியாக 3. நான்கரை சதவீதம் குறைவு. உண்மையான வட்டத்தில் வைத்து வெட்டியிருந்தால் 48 பக்கத்துக்கு இந்தக் குறை 0.3 சதவீதத்துக்குள் வந்திருக்கும். வாய் சுருங்கினால் அதே அளவு தண்ணீர் வேகமாகத்தான் உள்ளே வரும். எல்லோரும் இரண்டு நாள் கணக்கு நிரலைத் திட்டினோம். திட்டு வாங்க வேண்டியது நான்.

நான் 0 வைத்த பத்திகள் என்னவென்று அதற்கப்புறம்தான் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். நெட்ஜென் திறந்த மூல நிரல் என்பதால் மறைக்க ஒன்றுமில்லை. கோப்பை எழுதும் இடத்திலேயே, ஐந்தாம் ஆறாம் பத்திகளுக்குப் பக்கத்தில் 'எஸ்டிஎல் டிரையெக்கே' என்று ஒரு குறிப்பு. மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்த தோழி ஒருத்தி பக்கத்து மேஜையில் இருந்தாள். "முக்கோணங்கள்டி" என்றாள். விஷயம் அவ்வளவுதான். எஸ்டிஎல் என்பது ஒரு வடிவத்தின் மேல்தோலை வெறும் முக்கோணங்களாகச் சொல்லும் கோப்பு. அதிலிருந்து மெஷ் போட்டால், துண்டின் இரண்டு முனைகளும் அசல் வடிவத்தின் எந்த முக்கோணத்தின் மேல் நிற்கின்றன என்பதற்கான இடம் அது. உங்கள் கோப்பில் -1, -1 என்று இருந்தால் அந்த இடம் காலி என்று அர்த்தம், பிழை இல்லை.

ஏழாவதும் எட்டாவதும் இரட்டை வேடம் போடுபவை. இருபரிமாண மெஷ்ஷில் உள்பக்கப் பகுதி, வெளிப்பக்கப் பகுதி. முப்பரிமாணத்தில் அந்த விளிம்பில் சந்திக்கும் இரண்டு மேற்பரப்புகளின் எண்கள். தலைப்பிலேயே சாய்கோடு போட்டு இரண்டு பெயரும் கொடுத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். விளிம்பை நுணுக்கும்போது புதுப் புள்ளியை இந்த இரண்டு மேற்பரப்புகளும் வெட்டிக்கொள்ளும் கோட்டில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நான் 0 வைத்தேன். 0 என்றால் மேற்பரப்பு எதுவும் இல்லை. பாவம், புள்ளி எங்கே போகும்? நேர்கோட்டின் நடுவிலேயே நின்றுவிட்டது.

மீதி நான்கும் இரண்டு சோடிகள். முதல் முனைக்கு எந்த விளிம்பு, அதில் எங்கே. இரண்டாம் முனைக்கு எந்த விளிம்பு, அதில் எங்கே. 'டிஸ்ட்' என்ற பெயரைப் பார்த்து எப்போதும் மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டிசைன் மென்பொருள் தரும் ஸ்டெப் கோப்பிலிருந்து வந்த வடிவமென்றால் அது வளைகோட்டின் அளவுரு, அளவுகோலில் அளக்கும் நீளம் இல்லை.

இரண்டாவது பத்தி எப்போதும் 0. தலைப்பில் அதற்குப் பெயரே '0' என்றுதான் இருக்கிறது. நிரலிலும் கண்ணை மூடிக்கொண்டு சுழியம்தான் எழுதுகிறார்கள். கல்யாணப் பந்தியில் வராத சொந்தக்காரருக்குப் போட்ட இலை மாதிரி. ஆனால் இலையை எடுத்துவிட்டால் வரிசையில் எல்லோரும் ஓரிடம் தள்ளி உட்கார்ந்துவிடுவார்கள், எடுக்காதீர்கள்.

முதல் பத்தியை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். கோப்பின் தலைப்பு அதை மேற்பரப்பு எண் என்கிறது. மூல நிரலில் பக்கத்தில் இருக்கும் ஜெர்மன் குறிப்போ, இருபரிமாணத்தில் எல்லை எண், முப்பரிமாணத்தில் 'எத்தனையாவது விளிம்பு' என்கிறது. எதை நம்புவீர்கள்? நான் இரண்டையும் நம்பவில்லை. ஒரு கனசதுரத்தைக் கேட்டேன்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள், அரை மணி நேர வேலை. ஒரு மூலை 0, 0, 0, எதிர் மூலை 1, 1, 1 என்று ஒரே ஒரு கனசதுரம். விளிம்பின் நடுவில் புள்ளி விழாத அளவுக்கு முரட்டு மெஷ் போடுங்கள். கோப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொள்ளலாம். ஆறு முகம், முகத்துக்கு இரண்டு முக்கோணம் என்று மேற்பரப்பில் 12 வரிகள். கனசதுரத்துக்கு விளிம்புகளும் 12தானே, விளிம்புப் பகுதியில் 12 வரிகள் என்று எதிர்பார்ப்பீர்கள். 24 இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பும் இரண்டு தடவை வந்திருக்கும், ஒரு தடவை புள்ளிகள் முன்பின்னாக. முதல் பத்தியில் 1 முதல் 6 வரை எண்கள், ஒவ்வொன்றும் நான்கு தடவை. நான்கு விளிம்புகள் கொண்டது எது? சதுர முகம். ஆக முதல் பத்தி முகத்தின் எண். தலைப்பு சொன்னது சரி, குறிப்பு பழசு. ஒரு விளிம்பு இரண்டு முகங்களுக்குச் சொந்தம் என்பதால்தான் இரண்டு தடவை வருகிறது. உங்கள் நிரலில் விளிம்பின் நீளங்களைக் கூட்டும் வேலை ஏதாவது இருந்தால், விடை இரட்டிப்பாக வந்துகொண்டிருக்கும், இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

அப்புறம் ஒரே ஒரு முகத்துக்கு மட்டும் எல்லை எண்ணை 77 என்று கொடுங்கள். ஏன் 77? சின்னக் கோப்பில் தற்செயலாக வேறெங்கும் வராது. 2 கொடுத்தால் இருபது இடத்தில் 2 இருக்கும், எது நீங்கள் வைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதன் பிறகு பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு கனசதுரம் வையுங்கள். நடுச் சுவரில் உள்ளே வெளியே எண்கள் என்ன ஆகின்றன என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தப் பத்தி அசைந்தது என்று பாருங்கள். கடைசியாக, மெஷ்ஷின் உள்ளே நிரம்பியிருக்கும் நான்முகிகளில் (நான்கு முக்கோண முகம் கொண்ட துண்டுகள்) ஒன்றின் கன அளவைக் கையால் போட்டுப் பாருங்கள். உங்கள் பழைய நிரலின் வழக்கப்படி எதிர்க்குறி வந்தால், எழுதும்போது இரண்டு புள்ளிகளை இடம் மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் பதிப்புக்கு. பதிப்பு மாறினால் கனசதுரத்தை மறுபடியும் எடுங்கள். என்னுடையது இன்னும் ஒரு பென்டிரைவில் இருக்கிறது, வீடு மாறிய இரண்டு தடவையும் கூடவே வந்தது.

கேள்வி: ராஜாஜிநகரில் த்ரீடி பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் தரும் எஸ்டிஎல் கோப்பில் ஒரு நிரலில் வண்ணம் தெரிகிறது, இன்னொன்றில் எல்லாம் ஒரே சாம்பல். எஸ்டிஎல்லில் வண்ணமே கிடையாது என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?

*(வாசகர், ராஜாஜிநகர்)*

பதில்: உங்கள் தம்பி சொல்வது சரி. வண்ணம் தெரிந்ததும் நிஜம்.

பைனரி எஸ்டிஎல் ரொம்ப எளிமையான கோப்பு. முதல் 80 பைட் தலைப்பு, அடுத்த 4 பைட்டில் முக்கோணங்களின் எண்ணிக்கை, பிறகு ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். அந்த 50-இல் 48 பைட் செங்குத்துத் திசைக்கும் மூன்று முனைகளுக்கும் போய்விடும். மீதி 2 பைட். அதற்கு 'பண்புகளின் பைட் எண்ணிக்கை' என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அதைச் சுழியமாக விடுவதுதான் வழக்கம். காலி மனை கிடந்தால் யாராவது கொட்டகை போடத்தானே செய்வார்கள்? சில மென்பொருள்காரர்கள் அங்கே வண்ணத்தை வைத்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஐந்தைந்து பிட். மீதி இருப்பது ஒரு பிட்.

சண்டை அந்த ஒற்றைப் பிட்டில்தான். விஸ்கேம், சாலிட்வியூ மென்பொருள்களின் வழக்கத்தில் அது 1 என்றால் 'இங்கே வண்ணம் இருக்கிறது'. மேஜிக்ஸ் வழக்கத்தில் அது 0 என்றால்தான் முக்கோணத்துக்குச் சொந்த வண்ணம், 1 என்றால் முழுப் பொருளின் பொது வண்ணம். சிவப்பும் நீலமும் இடம் மாறியும் இருக்கும். ஆக ஒருவருக்கு வண்ணமாகத் தெரிவது மற்றவருக்குச் சாம்பல். தலைப்பின் 80 பைட்டில் 'கலர்=' என்று எழுதியிருந்தால் அது மேஜிக்ஸ் வழி வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேட்காமலே சொல்கிறேன். கோப்பு 'சாலிட்' என்ற சொல்லில் தொடங்கினால் எழுத்துக் கோப்பு, இல்லையென்றால் பைனரி என்று பலர் நம்புகிறார்கள். பைனரி கோப்பின் தலைப்பிலும் அந்தச் சொல்லை எழுதும் நிரல்கள் உண்டு. அளவைப் பாருங்கள். 84-உடன் முக்கோண எண்ணிக்கையை 50-ஆல் பெருக்கிக் கூட்டினால் கோப்பின் அளவு வர வேண்டும். 12 முக்கோணக் கனசதுரம் என்றால் 684 பைட். அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. எஸ்டிஎல்லில் மில்லிமீட்டரா அங்குலமா என்று எழுத இடமே கிடையாது. பிள்ளையார் சிலை 25.4 மடங்கு சிறுத்து வந்தால் பதறாதீர்கள்.

கேள்வி: மேடம், எம்.டெக். படிக்கிறேன். ஜிமெஷ் என்ற மென்பொருளில் மெஷ் போட்டுக் கோப்பாகச் சேமித்தால் பாதி மெஷ் காணாமல் போகிறது. திரையில் முழுதாகத் தெரிகிறது. தவிர, ஒவ்வொரு வரியிலும் வரும் '2 2' என்ன?

*(மாணவி, யஷ்வந்த்பூர்)*

பதில்: இது ஆவணம் இல்லாத கதை இல்லையம்மா, ஆவணத்தைத் திறக்காத கதை. கோபித்துக்கொள்ளாதே. ஜிமெஷ்ஷின் கையேட்டில் கோப்பு வடிவம் வரிக்கு வரி விளக்கப்பட்டிருக்கிறது.

வடிவத்தின் பகுதிகளைச் சேர்த்து அடையாளம் வைக்கும் 'ஃபிசிக்கல்' குழு என்று ஒன்றையாவது உருவாக்கிவிட்டால், குழுவில் சேர்ந்தவற்றை மட்டும்தான் ஜிமெஷ் சேமிக்கும். நீ சுவருக்குக் குழு வைத்திருப்பாய், உள்ளே இருக்கும் கன அளவுக்கு மறந்திருப்பாய். அதற்கும் ஒரு குழு கொடு. அல்லது எல்லாவற்றையும் சேமி என்ற தெரிவைப் போடு.

நீ அனுப்பிய வரி 2.2 பதிப்பினுடையது: 7 2 2 5 13 4 9 21. ஏழாவது உறுப்பு. வகை 2, அதாவது மூன்று புள்ளி முக்கோணம். அடுத்த 2, இரண்டு குறிகள் வருகின்றன என்பது. 5 நீ வைத்த குழு, 13 வடிவத்தின் எந்த முகம் என்பது, மீதி மூன்றும் புள்ளிகள். இரண்டு '2'-உம் பக்கத்தில் நிற்பது தற்செயல். நான்முகி வரியில் '4 2' என்று வரும், பார். 4.1 பதிப்புக்கு மாறினால் குழு எண் உறுப்பின் வரியிலேயே இருக்காது, கோப்பின் மேலே வடிவப் பகுதிகளின் பட்டியலுக்குப் போய்விடும். அதைத் தெரிந்துகொண்டு மாறு.

கேள்வி: மூடிய மென்பொருளின் கோப்பை இப்படிக் குடைந்து பார்ப்பது சட்டப்படி குற்றமா?

*(வாசகர், ஜீவன் பீமா நகர்)*

பதில்: நான் வக்கீல் இல்லை. ஆனால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், 1999 திருத்தத்தில் சேர்த்த ஓர் உட்பிரிவு இருக்கிறது. ஒரு நிரலை முறைப்படி வைத்திருப்பவர், தனியாக எழுதிய இன்னொரு நிரல் அதனோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்குச் செய்யும் செயல் பதிப்புரிமை மீறல் ஆகாது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆக, முதலில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதமே உங்களுக்கு ஒரு சான்று. வாங்கும்போது 'சம்மதம்' என்று அழுத்திய உரிம ஒப்பந்தம் தனி விவகாரம், அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். கள்ளப் பிரதி வைத்துக்கொண்டு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

கேள்வி: மெஷ் என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் இல்லையா? எப்போதும் மெஷ் மெஷ் என்றே எழுதுகிறீர்கள்.

*(வாசகர், அல்சூர்)*

பதில்: நம்ம ஏரியாக்காரர் கேட்டுவிட்டீர்கள். இருக்கிறது, கண்ணி. மீன்வலையில் நூலுக்கு நடுவே இருக்கும் ஓட்டைக்கு மீனவர்கள் சொல்வது. கண்ணி பெரிதானால் சின்ன மீன் நழுவிவிடும். நம் வேலையிலும் அதேதான், சின்ன வளைவு நழுவிவிடும். பொருத்தமான சொல்தான். ஆனால் 'கண்ணி போட்டேன்' என்று எழுதினால் ஆசிரியர் போன் பண்ணி யாருக்கு என்று கேட்பார். எஸ்.பி. ரோட்டில் போய் மெஷ் கேட்டால் ஸ்பீக்கருக்கு முன்னால் மாட்டும் கம்பி வலையைக் கொடுப்பார்கள், அதுவும் எனக்கு நடந்திருக்கிறது.